டெய்லர் ஹாக்கின்ஸ் அஞ்சலி நிகழ்ச்சி டிக்கெட் என்று 386 பவுண்டு பறித்துவிட்டார்கள், கவனம்

நாலு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. கடந்த சனிக்கிழமை, 2022 செப்டம்பர் 3, லண்டன் வெம்பிளி மைதான வாசலில் நானும் என் மகனும் கையில் செல்லாத டிக்கெட்டோடு நின்றோம். இரண்டு டிக்கெட், ஒன்று 193 பவுண்டு, மொத்தம் 386 பவுண்டு. இதே அஞ்சலி நிகழ்ச்சி 2022 செப்டம்பர் 27ஆம் திகதி லாஸ் ஏஞ்சலஸில் கியா ஃபோரம் அரங்கிலும் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற எங்கட ஆட்கள் யாராவது கடைசி நேரத்தில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். என்ன என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் ஏன் இந்த நிகழ்ச்சிக்குப் போக இவ்வளவு ஆசைப்பட்டோம் என்று சொல்லவேண்டும். டெய்லர் ஹாக்கின்ஸ் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவின் டிரம்மர். 1997இல் அந்தக் குழுவில் சேர்ந்தார், கடைசி வரை அங்கேதான் இருந்தார். 2022 மார்ச் 25, கொலம்பியாவில் பொகோட்டா நகரில், மேடையேற இருந்த அன்றே ஹோட்டல் அறையில் இறந்துபோனார். 50 வயது. என் மகனுக்கு 15 வயது, மூன்று வருடமாக டிரம்ஸ் பழகுகிறான். அதற்கு முன்பு தமிழ்ப் பள்ளியில் மிருதங்கம் பழகிக்கொண்டிருந்தவன், ஒருநாள் ஹாக்கின்ஸ் வாசிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு இது வேணும்" என்று வந்து நின்றான். மார்ச்சில் செய்தி வந்தபோது இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

எனக்கும் ஒரு பழைய ஏக்கம் இருக்கிறது. 1992 ஏப்ரல் 20, குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு இதே வெம்பிளியில், பழைய மைதானத்தில், அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம். பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை. டிக்கெட் வாங்கக் காசும் இல்லை, லீவு கேட்கத் துணிவும் இல்லை. அன்று மேடையில் நின்ற, அதே குயின் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் முப்பது வருடம் கழித்து ஹாக்கின்ஸுக்காக அதே வெம்பிளியில் வாசிக்கப்போகிறார்கள் என்று அறிவித்தபோது, இந்த முறை மகனைக் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று முடிவெடுத்தேன். நாங்கள் இருக்கிறது ஹாரோவில். மாடி ஜன்னலால் பார்த்தால் மைதானத்தின் வெள்ளை வளைவு தெரியும். ரயிலில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன்.

ஜூனில் டிக்கெட் விற்பனைக்கு வந்த அன்று நான் வேலையில். போனைக் கையில் எடுத்தபோது எல்லாம் போய்விட்டது. ஜூலை 12, இரவு. வாங்கினவர்கள் மறுபடி விற்கிற, எல்லோரும் கேள்விப்பட்ட பெரிய இணையதளம் ஒன்றில் போய்ப் பார்த்தேன். "மேல் அடுக்கு, பக்கத்துப் பக்கத்தில் 2 ஆசனம்" என்று இருந்தது. மேலே ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடுது, 8 நிமிடம், 7 நிமிடம் என்று. கீழே, இந்தப் பக்கத்தை இப்போது 43 பேர் பார்க்கிறார்கள் என்று சிவப்பு எழுத்து. மனைவி பக்கத்தில் நின்று, "உந்த சைட்டை நம்பலாமோ? விசாரிச்சிட்டு நாளைக்கு வாங்குங்கோவன்" என்றா. கேட்டிருக்கலாம். மணிக்கூடு ஓடுது, நான் அவசரப்பட்டேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டவில்லை. அந்தத் தளத்தின் நம்பருக்கு போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தா. மிகவும் பண்பாகக் கதைத்தா. என் மகனுக்காக வாங்குகிறேன், அவன் டிரம்ஸ் வாசிக்கிறவன், டிக்கெட் நிச்சயமாக வருமா என்று கேட்டேன். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நூறு வீதம் உத்தரவாதம், பிரச்சினை வந்தால் அதே தரத்தில் வேறு டிக்கெட் அல்லது முழுக் காசு என்றா. கடைசியில் மகனின் பெயரைக் கேட்டு, மறக்கமுடியாத நாளாக இருக்கும் என்று அவனிடம் சொல்லுங்கள் என்றா. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். மகனின் பெயரை ஒருவர் கேட்டால் பிறகு எப்படிச் சந்தேகப்படுவது? போனை வைக்காமலே கார்டு நம்பரை அடித்தேன். டெபிட் கார்டு. 386 பவுண்டு அந்த நிமிடமே போனது.

நிகழ்ச்சிக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் டிக்கெட் வரும் என்றார்கள். செப்டம்பர் 1 வரவில்லை. கேட்டால், விற்பவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று பதில். 2ஆம் திகதி இரவு 11:40க்கு ஒரு ஈமெயில் வந்தது. உள்ளே இரண்டு பிடிஎஃப். வரிசை 14, ஆசனம் 211, 212. மகன் நித்திரைக்குப் போகாமல் காத்திருந்தவன், துள்ளிக் குதித்து அம்மாவை எழுப்பினான்.

சனிக்கிழமை மத்தியானமே போய்விட்டோம். மைதானத்துக்குப் போகிற ஒலிம்பிக் வே பாதை முழுக்கச் சனம். ஹாக்கின்ஸின் படம் போட்ட டீசேர்ட்டோடு வயது போனவர்கள், சின்னப் பிள்ளைகள், யாரோ ஒருவர் நடந்துகொண்டே அழுதார். மகன் காற்சட்டைப் பையில் டிரம் குச்சி இரண்டை வைத்துக்கொண்டு வந்தான். வாசலில் முதலில் என் டிக்கெட்டை வைத்தேன். சிவப்பு. திரும்ப வைத்தேன். சிவப்பு. மகனுடையதை வைத்தான், அதுவும் சிவப்பு. "அப்பா, சிவப்புதான் வருது" என்றான், குரல் உடைந்து. வாசலில் நின்ற ஊழியர் பிள்ளை நல்ல பிள்ளை. தன் கருவியில் பார்த்துவிட்டு, ஒன்றில் ஏற்கெனவே ஆள் உள்ளே போய்விட்டார், மற்றது மைதானத்தின் பதிவிலேயே இல்லாத எண் என்று மெதுவாகச் சொல்லி, டிக்கெட் அலுவலகத்துக்குப் போகச் சொன்னா.

அங்கே வரிசை. எங்களுக்கு முன்னால் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர்கள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். வரிசை 14, ஆசனம் 211, 212. அதே தளம். ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கு விற்றார்களோ தெரியாது. அந்த மனிதர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, என் மகனின் தோளில் கை வைத்தார். அவர்கள் ஹோட்டலுக்கும் ரயிலுக்கும் வேறு காசு கொடுத்து வந்தவர்கள். ஜன்னலில் இருந்தவர் வேறு இடம் தர வழியில்லை என்று சொல்லி, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

மகன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றான். வெளியே படியில் இருந்தோம். யூடியூபில் நேரலை ஓடியது. ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் போட்டுக்கொண்டு பார்த்தோம். முதலில் மைதானத்துக்குள் இருந்து சனத்தின் சத்தம் மேலே எழும்பும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனில் அதே கைதட்டல் வரும். ஃபூ ஃபைட்டர்ஸ் பாடகர் டேவ் க்ரோல் பேசினார், லியம் கேலகர் பாட வந்தார், எல்லாமே எங்களுக்கு இரண்டு தரம் கேட்டது. உள்ளே இருக்க வேண்டிய பிள்ளை. போனில் சார்ஜ் முடியப்போக எழும்பினோம்.

மிச்சத்தை வீட்டில் பார்த்தோம். ஏறத்தாழ ஆறு மணித்தியால நிகழ்ச்சி. பால் மெக்கார்ட்னி வந்தார், ரஷ் குழுவின் கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் வந்தார்கள், பிரையன் மே தனியாக கிட்டாரோடு நின்று பாடினார். க்ரோல் பாடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து பாட்டை நிறுத்தினார். பிறகு ஹாக்கின்ஸின் மகன் ஷேன், 16 வயது, அப்பாவின் இடத்தில் இருந்து 'மை ஹீரோ' வாசித்தான். அடித்த அடியில் அவன் துக்கம் முழுக்க இருந்தது. என் மகன் மடியில் குச்சிகளை வைத்தபடி அசையாமல் பார்த்தான். வழமையாக அந்தப் பாட்டுக்குக் கதிரை, மேசை எல்லாம் அடிபடும். அன்று ஒரு அடிகூட அடிக்கவில்லை.

எனக்குக் காசு போனதை விட இது வயிறெரிகிறது: இது ஒரு சாவுக்குக் கூடிய கூட்டம். இந்த நிகழ்ச்சியின் வருமானம் மியூசிக் சப்போர்ட், மியூசிகேர்ஸ் என்ற இரண்டு அறக்கட்டளைகளுக்குப் போகிறது, நெருக்கடியில் இருக்கிற இசைத்துறை ஆட்களுக்கு உதவுகிறவர்கள். என் 386 பவுண்டில் ஒரு சதம் அங்கே போகவில்லை. அந்தக் காசை நேராக அவர்களுக்கே கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து பார்த்திருந்தால் மனமாவது நிறைந்திருக்கும்.

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த கதை.

சனிக்கிழமை இரவே தளத்தின் சாட்டில் எழுதினேன். "உங்கள் ஆர்டர் நிலை: வழங்கப்பட்டது. நிகழ்ச்சியை ரசித்திருப்பீர்கள் என நம்புகிறோம்." மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் இதே பதில். ஞாயிறு போன் எடுக்க ஆளில்லை. திங்கள் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் வந்தார். நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு ஆள், அவரோடு பேசுங்கள் என்றார். சரி, அவர் யார் என்றால், தனியுரிமை, சொல்லமுடியாது. பிறகு யாரோடு பேசுவது? அதற்குப் பதில் இல்லை. ஜூலையில் எனக்கு உத்தரவாதம் தந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அந்த அழைப்புக்குப் பதிவு இல்லை என்றார்.

மைதானம் தந்த துண்டைப் படமெடுத்து அனுப்பினேன். செவ்வாய் பதில் வந்தது: கையால் எழுதியது செல்லாது, மைதானத்தின் முத்திரைத் தாளில் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு எழுதிப்போட்டேன். இன்று காலை இன்னொரு ஈமெயில்: நிகழ்ச்சி முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் ஆதாரம் முழுமையாக வரவில்லை, ஆகையால் முறைப்பாடு மூடப்படுகிறது, நல்லெண்ண அடிப்படையில் 50 பவுண்டுக்கு வவுச்சர் தருகிறோம். அதே தளத்தில் இன்னொரு டிக்கெட் வாங்கலாமாம். 386 பவுண்டைப் பறித்துவிட்டு 50 பவுண்டு வவுச்சர்!

வங்கிக்குப் போனேன். நீங்கள்தானே அனுமதி கொடுத்துக் காசு கட்டினீர்கள் என்று முதல் கேள்வி. டெபிட் கார்டு என்பதால் காசைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் மட்டும் போடலாம், விற்றவர் தரப்பின் பதிலைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குக் கார்டு கொடுத்த நிறுவனத்தையும் பிடிக்கலாம் என்று அங்கே இருந்த தம்பிதான் சொன்னான். இடையில் இப்படி ஒரு தளம் நின்றால் அதிலும் இழுபறி வருமாம். என்றாலும் என் நிலைமையைவிட மேல். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மோசடி முறைப்பாடுகளைப் பதிகிற ஆக்ஷன் ஃப்ராட் அமைப்பிலும் பதிந்துவிட்டேன்.

இன்னொன்றும் ஞாயிறு இரவு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி இங்கே மறுவிற்பனை செய்கிறவர்கள் டிக்கெட்டின் அசல் விலை, பிளாக், வரிசை, ஆசன எண் எல்லாம் வாங்கும் முன்பே காட்டவேண்டும். எனக்குக் காட்டியது "மேல் அடுக்கு" என்ற இரண்டு சொல். அசல் விலை எங்கேயும் இல்லை. அதைக் கண்டவுடனே பக்கத்தை மூடியிருக்க வேண்டும்.

என்ன பார்த்து வாங்குவது என்று நிறைய எழுத நினைத்தேன், இரவு வேலைக்கு நேரமாகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசன எண்ணும் அசல் விலையும் போடாத டிக்கெட்டைத் தொடாதீர்கள். மணிக்கூடு ஓடினால் ஓடட்டும். டெபிட் கார்டில் கட்டாதீர்கள், நேரடியாக வங்கிக்குக் காசு அனுப்பவே வேண்டாம். முதலில் விற்ற நிறுவனத்தின் சொந்த மறுவிற்பனைப் பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். டிக்கெட் போன் செயலிக்குள் வந்து சேரவேண்டிய நிகழ்ச்சிக்கு பிடிஎஃப் வந்தால் அன்றிரவே மைதானத்துக்கு எழுதிக் கேளுங்கள், வாசல் வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று முத்திரைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

அந்த கிளாஸ்கோ தம்பதி இதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அன்று வரிசை 14, ஆசனம் 211, 212 என்ற தாளோடு வெம்பிளியில் நின்ற தமிழ் ஆட்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரே டிக்கெட்டைப் பலருக்கு விற்றார்கள் என்று சேர்ந்து காட்டினால் வங்கிக்கு மறுக்கக் கஷ்டம். ஈமெயில்கள், வாசல் துண்டு, காசு கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் வைத்திருக்கிறேன். வவுச்சரை நான் வாங்கவில்லை. எனக்கு என் 386 பவுண்டு வேணும்.