மொசாதெக்கின் முன் வைக்கப்பட்ட மூன்று பேரங்கள்

1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம், அதுவரை ஆங்கிலோ-ஈரானியன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்த மாதமே முகமது மொசாதெக் பிரதமரானார். 1953 ஆகஸ்டில் அவர் கவிழ்க்கப்படும்வரை பேச்சுவார்த்தைக்குக் குறைவில்லை. மனுஷன் எதற்கும் மசியவில்லை, அதனால்தான் எல்லாம் போயிற்று என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வந்த பேரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

முதலாவது, 1951 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சர் ரிச்சர்ட் ஸ்டோக்ஸ் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மாதமே அமெரிக்காவின் அவெரல் ஹாரிமன் தெஹ்ரான் வந்து, கட்டிலில் படுத்தபடியே பேரம் பேசும் மொசாதெக்கோடு மல்லுக்கட்டி வழி போட்டு வைத்திருந்தார். நாட்டுடைமையைக் கொள்கையளவில் ஏற்கிறோம், லாபத்தில் பாதிக்குப் பாதி என்றார் ஸ்டோக்ஸ். 1950 முடிவில் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான அராம்கோ சவூதிக்குக் கொடுத்த அதே பங்கு. ஆனால் எண்ணெயை வாங்கி விற்பது பிரிட்டிஷ் அமைப்பு, அபாதான் சுத்திகரிப்பு ஆலையின் நிர்வாகத் தலைமையும் பிரிட்டிஷ்காரருக்கே. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல. நாட்டுடைமைக் கோரிக்கை வலுக்கும் முன்பே இந்தப் பாதிப் பங்கை நீட்டியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

அக்டோபரில் பிரிட்டிஷ் ஊழியர்கள் அபாதானைவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஈரானிய எண்ணெயை யாரும் வாங்கிவிடாதபடி லண்டன் பார்த்துக்கொண்டது. இந்த நேரத்தில்தான் உலக வங்கி இரண்டாவது யோசனையோடு வந்தது. உரிமை யாருடையது, நஷ்டஈடு எவ்வளவு என்ற சண்டை அப்படியே இருக்கட்டும், இரண்டு வருஷத்துக்கு ஆலையை நாங்கள் நடத்துகிறோம் என்றது. கணக்கைப் பாருங்கள். ஒரு பேரல் விலை 1.75 டாலர். மொத்தமாக வாங்குபவருக்குத் தள்ளுபடி 58 சென்ட், உற்பத்திச் செலவு 30, ஈரான் கைக்கு 50. மீதி 37 சென்ட், அந்தச் சண்டை தீரும்வரை வங்கியின் பொறுப்பில். மொத்தமாக வாங்குபவர் யார் என்றால், பழைய ஆங்கிலோ-ஈரானியன் கம்பெனியேதான்! தள்ளுபடியே ஈரானின் பங்கைவிட அதிகம் என்பதை மொசாதெக் கவனிக்காமல் இருப்பாரா?

ஆனாலும் பேச்சு முறிந்தது விலையால் மட்டுமல்ல. ஈரான் அரசின் சார்பில்தான் நடத்துகிறோம் என்று எழுதித் தரச் சொன்னார். நடுநிலை கெடும் என்று வங்கி மறுத்தது. பிரிட்டிஷ் பொறியாளர்கள் திரும்பி வருவதையும் அவர் ஏற்கவில்லை. 1952 மார்ச்சோடு சரி.

மூன்றாவது, 1953 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து தந்த கடைசித் திட்டம். நிர்வாகம் என்று பார்த்தால் மூன்றிலும் தாராளமானது இதுதான். தொழிலை ஈரானே நடத்தலாம், அமெரிக்கா முன்பணம் கொடுத்து எண்ணெய் வாங்கும். கொக்கி நஷ்டஈட்டில் இருந்தது. தொகையைச் சர்வதேச நீதிமன்றம் முடிவு செய்யும். அதற்கு, பிரிட்டனில் தொழில்களை நாட்டுடைமை ஆக்கிய சட்டங்களில் கம்பெனி கைகாட்டுவதே அளவுகோல். 1933 ஒப்பந்தப்படி கம்பெனியின் குத்தகை 1993 வரை ஓடும். ஆக, இன்னும் தோண்டாத நாற்பது வருஷ எண்ணெயின் லாபத்தையும் கேட்க வழி இருந்தது. அதிகபட்சம் எவ்வளவு கேட்பீர்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றார் மொசாதெக். லண்டன் சொல்லவில்லை. தொகை எழுதாத பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் உலக வங்கிக்குத் தலையாட்டியிருப்பேன். விலை மோசம்தான். ஆனால் இரண்டே வருஷம், எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, ஆலையும் ஓடும். இத்தனைக்கும் 1952 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பிரிட்டன் தொடுத்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் நீதிபதியே அதற்கு ஆதரவாக வாக்களித்தார். கையில் காசு வந்துகொண்டிருந்தால் அந்தத் தீர்ப்பை வைத்து இன்னும் அழுத்திப் பேரம் பேசியிருக்கலாம்.

கடைசியில் 1954-இல், மொசாதெக் சிறையில் இருக்கும்போது, கையெழுத்தானது வேறொன்று. உரிமை காகிதத்தில் ஈரானுக்கு, லாபம் பாதிக்குப் பாதி, தொழிலை நடத்துவது வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு. அதில் 40 சதவீதம் பழைய கம்பெனிக்கு, இன்னொரு 40 அமெரிக்கக் கம்பெனிகளுக்கு. ஸ்டோக்ஸ் கொண்டுவந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், அமெரிக்கர்களுக்கும் இலை போட்டதுதான்.