"கல்லீரல் ஒட்டிக்கிடக்கு" என்று சொல்லி விற்கும் பேக்கேஜ்

வயிற்று உறுப்புகளைக் கையால் இளக்கிவிடும் சிகிச்சை. பத்து முறைக்கு 18,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். இப்படிக் கட்டி ஏமாந்த ஒரு பெண் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வந்தார். பஜ்ஜி, பூரி என்று எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. வலது தோள்பட்டை வரை இழுக்கும். இதைக் கேட்டதுமே பித்தப்பைக் கல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மையத்திலோ, "பழைய சிசேரியன் தழும்பு கல்லீரலை இழுத்துப் பிடிச்சிருக்கு" என்றிருக்கிறார்கள்.

மூன்றாவது முறை, விலா ஓரத்துக்குக் கீழே விரல்களைச் செருகி, மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதியிலேயே சுரீரென்று வலி வெட்டி, மூச்சு நின்றுபோனது. "இறுக்கம் விடுது, அப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

அது இறுக்கம் விடுவதல்ல. மர்ஃபி அறிகுறி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவதே இதைத்தான். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கல்லீரலைக் கீழே தள்ளும், கூடவே பித்தப்பையும் இறங்கி விரலில் முட்டும். பித்தப்பை அழற்சியில் இருந்தால் மூச்சைத் தொடரவே முடியாது. அந்த நொடியில் கையை எடுத்துவிட்டு, அன்றே டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். இவர்கள் அடுத்த நாலு முறையும் அதே இடத்தில்தான் அழுத்தினார்கள். காய்ச்சலும் வாந்தியும் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார், அறுவை சிகிச்சையும் நடந்தது.

"கல்லீரல் அசையல" என்பது சுத்த விற்பனைப் பேச்சு. சாதாரண மூச்சிலேயே அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். அல்ட்ராசவுண்ட் திரையில் நீங்களே பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுக்குள் திசுக்கள் ஒட்டிக்கொள்வது உண்மை. ஆனால் அந்த ஒட்டல் முற்றி இறுகிய தழும்புத் திசு. மேலிருந்து பிசைந்து அதைக் கரைக்கலாம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

இந்த முறையைப் பரப்பியவர் பிரான்ஸின் ழான்-பியர் பாரால். அவர் முறையில் கை வைப்பது மிக மெதுவாகத்தான். வயிறு கன்றிப்போகும் அளவுக்கு அழுத்துகிறவர் பாராலின் பெயரைச் சொல்லவே கூடாது. மெதுவாகச் செய்தாலும், 2018-இல் வெளியான ஒரு முறைசார் ஆய்வுத் தொகுப்பு இதன் நோயறிதலுக்கும் பலனுக்கும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

மலச்சிக்கலுக்கு வயிற்றை நீவுவது வேறு சங்கதி, அதில் ஓரளவு பயன் உண்டு. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகட்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வலது அடிவயிற்றில் தொடங்கி விலா வரை மேலே, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே, பிறகு இடப்பக்கம் கீழே. பெருங்குடல் போகும் வழி அதுதான். பத்து நிமிடம் போதும். வீட்டிலேயே செய்யலாம், காசு செலவில்லை.

கர்ப்பிணிகள், புதிதாக அறுவை சிகிச்சை ஆனவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்று மகாதமனி (வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வயிற்றில் கை வைக்கவிடக் கூடாது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கல்லுபோல் விறைத்த வயிறு இருந்தால் நேராக மருத்துவமனைதான்.

மீதி மூன்று முறைக்கான பணத்தை அந்தப் பெண் கேட்டபோது, "பேக்கேஜ் காசு திரும்பாது" என்றுவிட்டார்கள். அவர் கையில் இருந்தது ஜிபே மெசேஜ் மட்டும். பில்லில்லை, என்ன சிகிச்சை என்று ஒரு வரி எழுத்துமில்லை. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். சிகிச்சையின் பெயரும், செய்தவரின் படிப்பும் பதிவு எண்ணும் பில்லில் இருக்கட்டும்.