தங்கி வேலையா, போய் வந்து வேலையா? ஈசிஆர் விடுமுறை வீட்டுக் கணக்கு

ஈசிஆர், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பீச் ஹவுஸ், பண்ணை வீடு பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: குடும்பமாக வந்து அங்கேயே தங்குவீர்களா, சென்னையிலிருந்து தினமும் வந்து போவீர்களா? நானும் என் மனைவியும் தங்குவதையே எடுத்துக்கொண்டோம். மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய வீடு. சமையல் அவள் பொறுப்பு, மற்றதெல்லாம் என் பொறுப்பு. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

பணக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. சைதாப்பேட்டையிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு வழிக்கே சுமார் 60 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கொடுத்தாலும், போக வர கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 26 நாளைக்கு 6,000 தாண்டிவிடும். தங்கினால் அது மிச்சம், கரண்டும் முதலாளி கணக்கு. பதிலுக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் பேசுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தங்குகிறவருக்குத்தான் லாபம்.

வேலை நடக்கிற நேரமும் தங்குகிறவருக்கே தோதானது. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்கிற விருந்தினர், திருவான்மியூர், நீலாங்கரை நெரிசலைத் தாண்டி வந்து சேரப் பத்தாகிவிடும். சாப்பாடு முடித்துப் பாத்திரம் ஒதுங்கும்போது கதவைத் தட்டி, "அண்ணா, பாப்பாவுக்குக் கொஞ்சம் பால் சுட வைக்க முடியுமா?" என்பார்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வேறொருவர் காபி கேட்டு நிற்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் சென்னை போய்த் திரும்புவது நடக்கிற காரியம் இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை வீடு சும்மா கிடக்கும் என்று நினைப்பவர்கள் கடலோரத்தில் இருந்ததில்லை என்று அர்த்தம். உப்புக் காற்று எதையும் விடாது. ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால் பின்பக்கத் தாழ்ப்பாள் இறுகிவிடும். கீலுக்கு கிரீஸ், ஜன்னல் கம்பிக்கு ஈரத்துணி, ஏசியின் வெளிப்பெட்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்குக் குளோரினைப் பொழுது சாய்ந்த பிறகு போட்டால்தான் நிற்கும், வெயிலில் போட்டால் சீக்கிரம் வீரியம் போய்விடும். தினமும் வந்து போகிறவர் ஐந்து மணிக்கே கிளம்பப் பார்ப்பார், பாவம், அவரைச் சொல்லி என்ன? காற்று அடித்த மறுநாள் குளத்து வடிகட்டிக் கூடை முழுக்கச் சவுக்கு ஊசி அடைத்திருக்கும். விடியற்காலையில் அதை எடுக்காமல் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் இழுக்காது.

இதுவரை எல்லாம் ஒரு பக்கமாகவே போகிறது. ஆனால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது எதுவும் இல்லை. தங்கி வேலை பார்க்கிறவருக்கு வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பானை மாதிரி. முதலாளி வீட்டை விற்கலாம், பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வந்து வேறு ஏற்பாடு செய்யலாம், உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவராமலும் போகலாம். அன்றைக்குச் சம்பளம் மட்டும் நிற்காது, படுக்க இடமும் போய்விடும். போய் வருகிறவருக்கு வேலை போனாலும் வீட்டுச் சாவி அவர் பையில்தான் இருக்கும்.

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் திரும்பி வருவது லேசில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைத்திருக்கிறது, வேறு உடன்பாடு இருந்தால் தவிர. அந்த 'தவிர' வழியாக ஆறு மாதம், பத்து மாதம் கேட்கிற வீட்டுக்காரர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம். அதோடு பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் விற்றிருப்பீர்கள். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு இதற்கே சரியாகப் போகும்.

எங்களுக்கு என் அம்மாவின் ஒற்றை அறை போர்ஷன் சைதாப்பேட்டையில் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் எல்லாம் அந்த முகவரியில்தான். அதை மாற்றவே இல்லை. அது இல்லாவிட்டால் நான் தங்கும் வேலைக்குச் சம்மதித்திருக்க மாட்டேன். அப்புறம், முதலாளியிடம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினோம்: வேலை எந்தக் காரணத்தால் நின்றாலும் அறையைக் காலி செய்ய இரண்டு மாதம், வாரத்தில் செவ்வாய் முழு விடுப்பு, அன்று போன் எடுக்க மாட்டோம். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். சம்பளத்தில் இன்னும் ஆயிரம் கூட்டிக் கேட்பதைவிட இந்தத் தாளைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சேரும் முன்பே பேசிவிட வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அப்படி ஒரு ராத்திரியில் வீட்டைக் காக்க உங்களை அங்கேயே இருக்கச் சொல்வார்களா, ஊருக்குள் போய்விடலாமா? "அப்போ பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், விடாமல் திரும்பக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் பையன் வேலைக்குப் போய்விட்டான். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தோப்புக்குள் இருப்பது வேறு கதை. ஏலகிரி, ஏற்காடு மாதிரி மலைப்பக்கத்து வீடுகளிலும் எனக்குப் பழக்கமில்லை. அங்கே உப்பு இல்லை, ஈரம் இருக்கும் என்கிற அளவுக்குத்தான் தெரியும்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் தங்கிவிட்டு, மற்ற நாட்களுக்கு உள்ளூர் ஆளை வைக்கும் நடுவழியும் உண்டு. குளம் இல்லாத சின்ன வீடென்றால் அது சரிப்பட்டு வரலாம். ஆனால் மோட்டார் எரிந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள்.

அறைக்கு இரண்டு மாதக் கெடுவை எழுதித் தர மறுக்கிற முதலாளி என்றால், சென்னை வீட்டை விடாதீர்கள். அந்த மாதிரி இடத்துக்குப் பைக்கிலேயே போய் வரலாம், பெட்ரோல் காசு போனால் போகிறது.