மாஸ்டா எம்எக்ஸ்-5: தினமும் ஓட்டினால் எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கட்சி தெரியும். "அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வண்டி, வேலைக்குப் போக வேறு கார் வேண்டும்" என்பது ஒன்று. "ஓட்டத்தானே வாங்கினோம், உறை போட்டு மூடி வைக்கவா?" என்பது இன்னொன்று. இருவர் மட்டும் உட்காரும், துணிக்கூரை போட்ட சின்ன ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5-இன் நான்காம் தலைமுறை வண்டி ஒன்றைச் சில வருடங்களாக என் ஒரே காராக வைத்திருக்கிறேன்: 2.0 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர். ஆக நான் இரண்டாவது கட்சி. ஆனால் எங்கள் கட்சிக்காரர்கள் சொல்லாமல் விடும் சங்கதிகளும் உண்டு.

எல்லோரும் முதலில் கேட்பது, முதுகு வலிக்காதா என்று. வலிக்காது. வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான். அதனால் ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கமாக வைக்க வேண்டியதில்லை. வளைவில் கொஞ்சம் சாயும், பள்ளத்தில் தூக்கிப் போடாது. ஏறி இறங்குவதுதான் உடற்பயிற்சி. உயரமான கார்களுக்குப் பழகியவர்கள் முதல் தடவை இறங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார்கள்.

நாள்பட அலுப்புத் தருவது சத்தம். துணிக்கூரை எந்தக் காரில் இருந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று காதுக்குள் வந்து உட்காரும். இதில் ஆறாம் கியர் விகிதம் 1:1, அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வருவதும் ஒரு சுற்றுதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஒட்டிச் சுற்றும், அந்தச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். தூரப் பயணத்தில் பாட்டை மறந்துவிடலாம், போன் பேச்சையும்தான்.

டிக்கி 130 லிட்டர். கெட்டியான பெட்டிகளை ஒதுக்கிவிட்டுத் துணிப்பைகளுக்கு மாறினால் இருவருக்கு வார இறுதிக்குப் போதும். டாஷ்போர்டில் கையுறைப் பெட்டி கிடையாது, இருக்கைகளுக்கு நடுவே பின்னால் ஒரு சின்ன அறை. ஸ்டெப்னியும் இல்லை, பஞ்சர் கிட்தான். மூன்றாவது ஆள் என்ற பேச்சே இல்லை, அதற்கு நட்பு வட்டத்தில் யாராவது கார் வைத்திருக்க வேண்டும்.

சரி, சக்திக்கு வருவோம். 2018 மேம்பாட்டுக்குப் பிறகு ஐரோப்பிய 2.0 லிட்டர் மாடலுக்கு 184 குதிரைத்திறன். ரெட்லைனும், அதாவது இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச வரம்பும், 6800 ஆர்பிஎம்மிலிருந்து 7500-க்கு ஏறியது. 400, 500 குதிரை பேசும் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் ரெட்லைன் வரை இழுத்தால் இரண்டாம் கியரிலேயே கிட்டத்தட்ட 100 கி.மீ. வந்துவிடும். அவர்களுடைய கார்களில் இன்ஜின் விழித்துக்கொள்வதற்குள் வேக வரம்பு தாண்டிவிடும். பொதுச்சாலையில் அந்தச் சக்தியில் பாதியைக்கூடத் தொட முடிவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டானா, கியரைக் கீழிறக்கும் ஒரு சரியான டவுன்ஷிஃப்ட், எனக்கு அன்றைய பங்கு கிடைத்துவிடும்.

தினசரி ஸ்போர்ட்ஸ் கார் என்பது புது யோசனையும் அல்ல. முதல் எம்எக்ஸ்-5 அறிமுகமான அதே 1989 சிகாகோ கண்காட்சியில்தான் ஹோண்டா என்எஸ்எக்ஸும் தலைகாட்டியது. நடுவில் இன்ஜின் வைத்த காரிலும் சுற்றுமுற்றும் நன்றாகத் தெரியும், பதற்றமில்லாமல் ஊருக்குள் ஓட்டலாம் என்று காட்டியது அது. போர்ஷே 911-இல் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் போய்விடுவதால் குழந்தைகளுக்கு இரண்டு குட்டி இருக்கை மிஞ்சுகிறது. நடைமுறை மட்டுமே முக்கியம் என்றால் டொயோட்டா ஜிஆர்86 பக்கம் போங்கள். பின்சீட்டை மடக்கினால் நான்கு டயர்களே உள்ளே போகும்.

பராமரிப்பில் தினசரி ஓட்டத்துக்கே என் ஓட்டு. நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும், டயர் ஓடாமலே கெட்டிப்படும். ஆனால் குறுந்தூரம் மட்டும் ஓட்டுவதும் நல்லதல்ல. வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் ஆகும்; அதுவரை நான் இன்ஜினை விரட்டுவதில்லை. கோடை டயர் போட்டிருந்தால் 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும். கூரையின் மழைநீர் வடியும் துளைகளில் இலை தழை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பட்டறையில் தாழ்வான ஜாக் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஒரு இடத்தில் சாதாரண ஜாக்கைத் தள்ளிப் பார்த்து என் பம்பரைக் கீறிவிட்டார்கள்.

பழைய வண்டி தேடுபவர்கள் 2018 மேம்பாட்டுக்குப் பிந்தையதைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி அப்போதுதான் வந்தது. உயரமானவர் என்றால் கூரையை மூடிவிட்டும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.