பிரேக் ஒயில் மாற்ற நாலு வழி: மலையிறக்கத்துக்கு எது?

போன வருஷம் லபுக்கலை தாண்டி றம்பொடைக்கு இறங்கும்போது என் ஆல்டோவின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியருக்குக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் மெதுவாக இழுத்து, ஒரு மரக்கறிக் கடை முன்னால் நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி இறுகிவிட்டது. காரணம் அதிலேயே தெரிந்தது. ஒயில் வருஷக்கணக்கில் இழுத்து வைத்திருந்த ஈரம் சூட்டில் ஆவியாகியிருக்கிறது. ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்கவே சரியாகப் போகிறது.

இதில் வேடிக்கை, இரண்டு மாதம் முன்புதான் ஒயில் 'மாற்றியிருந்தேன்'. சிரிஞ்சால் பொனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் டேங்கை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினேன், பத்து நிமிட வேலை. ஆனால் ஒயில் கொதிக்கிற இடம் டேங்க் இல்லை, சில்லுக்குப் பக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பர். அங்கே பழைய ஒயில் அப்படியே கிடந்தது. இந்த வழியை நான் மாற்றுதல் என்றே எண்ணமாட்டேன்.

அடுத்தது சும்மா வடியவிடுவது. சில்லடியில் ஒயிலை வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகான நிப்பிளில் குழாயைச் செருகித் திறந்துவிட்டால் ஒயில் தானாகச் சொட்டும். தனியாளாகச் செய்யலாம், சீல்களுக்கும் கேடில்லை. ஆனால் பொறுமை வேண்டும், பின் சில்லுகளில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். டேங்க் வற்றிவிட்டால் எயார் புகுந்துவிடும், எல்லாம் முதலிலிருந்து.

கையால் உறிஞ்சும் வெக்குவம் பம்பும் தனியாளுக்கு வசதிதான். தொல்லை என்னவென்றால், நிப்பிளின் மரைவழியாகவும் காற்று ஏறுவதால் குழாயில் குமிழி ஓயாது. உள்ளே இருந்த எயாரா, வெளியிலிருந்து வந்ததா என்று தெரியாமல் பாதிப் போத்தலை வீணாக்கியிருக்கிறேன்.

கடைசியில் எனக்குப் பிடித்தது பழைய இரண்டு பேர் முறைதான். மகன் பெடலில், நான் சில்லடியில்.

"மிதி தம்பி... பிடிச்சுக்க, விட்றாத!"

நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்ததும் குழாயில் பிளேன்டீ நிறத்தில் பழையது வந்தது. நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்வேன். இளமஞ்சளாக வரும்வரை இதே கூத்து, நாலு சில்லுக்கும். பழைய வண்டியில் பெடலைத் தரையோடு மிதிக்கவிடாதீர்கள், பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் அழுக்குப் படிந்த பகுதியில் உரசிக் கிழிந்துவிடலாம். பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தேன். இன்னொன்று, நம்ம லயத்துப் பக்கம் சமதரை கிடைப்பதே பாடு. கோயில் முற்றத்தில் நிறுத்தி, கட்டை கொடுத்துத்தான் ஜாக்கி ஏற்றினோம்.

அக்குவா மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் வீட்டில் முயலவேண்டாம். அதற்கு ஸ்கேனர் உள்ள கராஜ்தான் சரி.

எந்த ஒயில்? பிரேக் ஒயிலின் தரத்தை டொட் (DOT) எண்ணால் சொல்வார்கள். அந்தத் தரப்படி, டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலும், ஈரமேறியபின் 140இலும் கொதிக்கும். டொட் 4க்கு அவை 230, 155. இறக்கத்தில் நமக்கு உதவுவது அந்த இரண்டாவது எண்தான், அதனால் நான் டொட் 4. டேங்க் மூடியில் டொட் 3 என்றிருந்தாலும் பொதுவாக இது சேரும். ஆனால் டொட் 5 வேறு சாதி, சிலிக்கோன், கலக்கவே கூடாது. அப்புறம், டொட் 4உம் ஈரத்தை இழுக்கும் என்பதால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் கணக்கைத் தள்ளிப்போடுவதில்லை.

வேலை முடிந்தபோது கால் போத்தல் மிச்சம். பனிமூட்டத்தில் ஒரு மணி நேரமாக மூடியில்லாமல் நின்ற போத்தல் அது. அடுத்த முறைக்கு வைக்க ஆசைதான், ஆனால் ஈரம் இழுத்திருக்கும் என்பதால் பழைய ஒயிலோடு சேர்த்து, கானுக்குள் ஊற்றாமல், கராஜில் கொடுத்துவிட்டேன்.