செயற்கைப் புல்லில் தண்ணீர் வடியும் என்று ஊற்றிக் காட்டினார்கள், நம்பினேன்: 4,860 சிங்கப்பூர் வெள்ளி போச்சு

இரவு பதினொன்று ஆகிறது. வெளியே மழை. சமையலறைக் கதவுக்கு அடியில் பழைய துண்டுகளைச் சுருட்டி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். என் 4,860 வெள்ளி கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. மேலே பச்சை, கீழே சேறு.

எங்களுடையது சிங்கப்பூரில் இயோ சூ காங் பக்கம் உள்ள பழைய தரைவீடு. பின்னால் ஐந்துக்கு ஆறு மீட்டர் அளவில் மண் தரை, சுத்தக் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் வழுக்கும். ஜூன் மாதம் துணி எடுக்கப் போன என் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்காகத்தான் செயற்கைப் புல் போட முடிவு செய்தோம், அழகுக்காக இல்லை.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் தேடினேன். ஐந்து நட்சத்திரம் வாங்கியவராகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். வந்தவர் தமிழர். அத்தையின் மாவுக்கட்டைப் பார்த்து, "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு பாட்டி, இனி நீங்க பயமில்லாம நடக்கலாம்" என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் காப்பி போடச் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான். "இது களிமண், தண்ணீர் இறங்காதே, என்ன செய்வீங்க?" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு புல் துண்டை எடுத்து, எங்கள் வாளிக்கு மேலே பிடித்து, ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். ஒரு சொட்டு நிற்கவில்லை. "பார்த்தீங்களா அக்கா? கீழ கல்லு, குழாய் எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை."

அந்த ஒரு நிமிடத்தில்தான் விழுந்தேன். புல்லின் அடியில் ஓட்டை இருக்கிறது, சரி. ஆனால் இறங்கிய தண்ணீர் வாளிக்குப் போனது. என் கொல்லையில் அது எங்கே போகும்? இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. விலைப்பட்டியலில் கல்லும் இல்லை, குழாயும் இல்லை. 'தரை தயாரிப்பு' என்ற இரண்டே சொற்கள். பாதிப் பணத்தைக் கைப்பேசியிலேயே, பேநவ் வழியாக அனுப்பினேன்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். மாலையில் வந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று இருந்தது. மீதியையும் அனுப்பினேன். 4,860 வெள்ளி, முழுசாக. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் கொட்டியது. புல் ஓரமாக எழும்பி மிதந்தது. தண்ணீர் சமையலறைப் படியைத் தொட்டது. மறுநாள் மிதித்தால் சளக் சளக் என்றது, மூன்றாம் நாள் நாற்றம். அடுத்த வாரம் ஓரத்துக் குட்டையில் கொசுப்புழு நெளிந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் இருந்து சோதனைக்கு வந்தால் அபராதம் யாருக்கு? வீட்டுக்காரிக்குத்தானே!

அவருக்குப் படம் அனுப்பினேன். "மழைக்காலம் அக்கா, எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்." இரண்டு நாள் பொறுத்துக் காணொளி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஐந்தாவது முறை கூப்பிட்டபோதுதான் ஃபோனை எடுத்தார். உத்தரவாதம் புல்லின் நிறம் மங்காமல் இருப்பதற்கு மட்டும்தானாம். வடிகால் வேண்டுமானால் இன்னும் 1,900 வெள்ளியாம்! விலையில் சேர்த்தி என்று அத்தை முன்னால் சொன்ன அதே வாய். செயலிக்கு எழுதினால், "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்" என்று இயந்திரம் பதில் போடுகிறது. மனிதர் யாரும் பேசவில்லை.

கோயிலில் பழக்கமான ஒரு தம்பி கட்டுமான வேலையில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தார். குழாயும் இல்லை, கல்லும் இல்லை. களிமண்மேல் இரண்டு அங்குல மணல், அதன்மேல் களை முளைக்காமல் தடுக்கும் துணி, அவ்வளவுதான். களிமண்ணில் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மணல் முழுக்க நீர் கோத்துக்கொண்டு தாம்பாளம் மாதிரி நிற்கிறது என்றார். பக்கத்திலேயே ஓர் அடிக்கு ஓரடி குழி தோண்டி மாலையில் தண்ணீர் நிரப்பினார். காலையில் பார்த்தால் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. இதை முதலில் செய்திருந்தால்!

கொடுமை என்னவென்றால், பின்சுவரை ஒட்டி சிமெண்டுக் கால்வாய் ஏற்கெனவே இருக்கிறது. புல்லின் ஓரம் நிற்க இவர்கள் அதற்கு முன்னால் சிமெண்டு வரப்புக் கட்டி, தண்ணீர் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள். சரிவும் கால்வாய்ப் பக்கம் இல்லை, வீட்டைப் பார்த்து.

புல் போட நினைப்பவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனமில்லை. தம்பி சொன்னதை மட்டும் சொல்கிறேன். சரிவு வீட்டைவிட்டு விலகி, மீட்டருக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டராவது இருக்கட்டும். களிமண்மேல் முதலில் வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), அதன்மேல் சுமார் 10 சென்டிமீட்டர் உடைகல் போட்டு இறுக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் களி மேலேறிக் கல்லை அடைத்துவிடும். துளைக்குழாய் கால்வாயில் போய் முடிய வேண்டும். இதெல்லாம் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். புல்லை விரிப்பதற்கு முன் கீழே இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள், அன்றைக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை. ஒரு பெருமழை பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

20,000 வெள்ளிவரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். நாளை மனுப் போடுகிறேன். கிளப்பிய மூலையைப் படம் எடுத்து, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேமித்துவிட்டேன். செயலியில் நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனத்தை இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை இன்னும் கொல்லைப்பக்கம் போவதில்லை. துணியை உள்ளேதான் காயப் போடுகிறோம்.