வெயில் கால லாங் ரன்னுக்குத் தண்ணீர் வெஸ்ட்: முன் பாக்கெட்டுக்காக வாங்கலாம், முதுகுப் பைக்காக வேண்டாம்

மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் 25 கி.மீ. தாண்டிய லாங் ரன்னை வெயில் காலத்தில் ஓடும்போது தண்ணீரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பதே பெரிய கேள்வி. கைப் பாட்டில், இடுப்பு பெல்ட், உடம்போடு ஒட்டி நிற்கும் வெஸ்ட் என்று மூன்று வழி உண்டு. இங்கே பார்ப்பது வெஸ்ட்டை. மார்பின் இரண்டு பக்கமும் 500 மி.லி. சாஃப்ட் ஃபிளாஸ்க் (கையால் அழுத்தினால் சுருங்கும் மெல்லிய பாட்டில்), முதுகில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பை வைக்கும் அறை, மொத்தம் 5 லிட்டர் அளவுக்குச் சாமான் கொள்ளும் வகை.

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து மூன்று மணி நேரம் ஓடுவதற்கு இது நல்ல பொருள். ஆனால் அந்த முதுகுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காரணம் இதுதான். வியர்வை வழிந்து சொட்டினால் உடம்பு குளிராது. தோலிலேயே ஆவியானால்தான் குளிரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதிகம் வியர்க்கும் இடங்களில் முதுகும் ஒன்று. அங்கே ஒன்றரை கிலோ தண்ணீரை ஒட்டி வைத்தால் காற்றுப் போக வழியில்லை, வியர்வை பனியனை நனைத்துக்கொண்டு ஷார்ட்ஸில் இறங்கும். பைக்குள் ஐஸ் போட்டால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், உருகிய பிறகு அதே கதைதான். இன்னொரு குறையும் உண்டு: முதுகில் இருப்பதால் எவ்வளவு குடித்தோம் என்பது தெரியாது. வெயிலில் அது சின்ன விஷயம் அல்ல.

முன்னால் இருக்கும் ஃபிளாஸ்க் இந்த இரண்டு தொல்லையும் தராது. குடிக்கக் குடிக்கச் சுருங்குவதால் உள்ளே தண்ணீர் குலுங்காது. எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்த்தாலே தெரியும். கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திருகி, நிமிர்த்திப் பிடித்தபடி வால்வை, அதாவது கடித்துக் குடிக்கும் வாய்ப்பகுதியை, உறிஞ்சி உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட வேண்டும். காற்று மிச்சம் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக்கென்று சத்தம் வரும். சொட்டுகிறது என்றால் முதலில் மூடியின் மரையைப் பாருங்கள். தண்ணீரில் கலக்கும் எலக்ட்ரோலைட் (உப்புச் சத்து) பொடியின் துகள் அதில் ஒட்டியிருக்கும், அல்லது அவசரத்தில் மூடி கோணலாக ஏறியிருக்கும். கிளம்பும் முன் தலைகீழாகப் பிடித்து ஒரு முறை அழுத்திப் பார்த்தால் போதும். மரை சரியாக இருந்தும் ஒழுகினால் கடிக்கும் வால்வின் கீறல் கிழிந்திருக்கிறது. வால்வை மாற்ற வேண்டியதுதான்.

வாங்கும்போது ஃபிளாஸ்க்கின் வாயைக் கவனியுங்கள். 28 மி.மீ., 42 மி.மீ. என்று இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும். வெயிலுக்கு 42 தான் சரி. சிறிய ஐஸ் துண்டு உள்ளே போகும், பொடியைச் சிந்தாமல் கொட்டலாம், ஃபிளாஸ்க்கைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலேயே தண்ணீர் நிரப்பலாம். நிரம்பிய ஃபிளாஸ்க்கை வியர்வையில் ஊறிய பாக்கெட்டுக்குள் திணிப்பது எவ்வளவு பாடு என்பது ஒரு முறை செய்தால் புரியும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை எடை பார்த்துத்தான் சொல்ல முடியும். ஓடும் முன் 68 கிலோ, ஒன்றரை மணி நேரம் ஓடி உடம்பைத் துடைத்துவிட்டு நின்றால் 66.6 கிலோ, நடுவே குடித்தது 700 மி.லி., சிறுநீர் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 1.4, குடித்தது 0.7, ஆக 2.1 லிட்டர் வியர்வை, மணிக்கு 1.4 லிட்டர். இதே வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு 4.2 லிட்டர் போகும். அத்தனையையும் குடித்து ஈடுகட்டத் தேவையில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இவருக்கு அது சுமார் 1.4 கிலோ, எனவே 2.8 லிட்டர் வேண்டும். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் 30 கி.மீ. என்றால் பாதையை 10 கி.மீ. சுற்றாக மூன்று தடவை போடுங்கள். கிளம்பும்போது ஒரு லிட்டர், முதல் இரண்டு சுற்றின் முடிவிலும் கிளம்பிய இடத்தில் வைத்த கேனிலிருந்து ஒவ்வொரு லிட்டர். கணக்கு சரியாக வந்துவிடும். முதுகுப் பைக்கு வேலையே இல்லை.

கூட்டமாக ஓடும்போது நடக்கும் பெரிய தவறு, வாட்ச் சத்தம் போட்டதும் எல்லோரும் ஒரே அளவு குடிப்பது. பக்கத்தில் ஓடுபவர் உங்களில் பாதிதான் வியர்ப்பார். அவர் உங்கள் அளவைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பந்தயம் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது; ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஓடி முடித்த பின் எடை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம், சந்தேகமே வேண்டாம். ஆளுக்கு ஒரு வெஸ்ட் இருப்பதன் அருமை இங்கேதான். அவரவர் தண்ணீர், அவரவர் அளவு.

இரண்டு ஃபிளாஸ்க்கில் ஒன்றை வெறும் தண்ணீராகவே வையுங்கள், தலையில் ஊற்றிக்கொள்ளவும் உதவும். மற்றதில் 500 மி.லி.க்கு 1 கிராம் உப்பு, 30 கிராம் சர்க்கரை. ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கிறது. சர்க்கரை இதைவிட மிகவும் கூடினால் வயிற்றில் தங்கிக் குமட்டும்.

சைஸ் பார்க்கும்போது பனியனுக்கு மேல், அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு ஃபிளாஸ்க்கும் நிரம்பிய நிலையில் போட்டு, குதித்துப் பாருங்கள். வெஸ்ட் உடம்போடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். தனியாகத் துள்ளினால் பெரிய சைஸ். மார்புப் பட்டை ஆழ்ந்து மூச்சு விடத் தடையாக இருக்கக் கூடாது. தண்ணீர் குறையும்போது வெஸ்ட் தளரும், அப்போது பக்கவாட்டுப் பட்டையை இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் விட்டால் காறை எலும்பிலும் அக்குள் ஓரத்திலும் தோல் உரியும். காய்ந்த வியர்வை உப்பு பட்டையின் விளிம்பை அரம் மாதிரி ஆக்கிவிடும். கையுள்ள பனியன் போட்டு, அந்த இடங்களில் முன்கூட்டியே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். முதலில் அவருடைய வெஸ்ட்டைக் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேசட்டும், மற்றவர்கள் தலை முதல் கால் வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. இதற்காகவே எல்லோர் வெஸ்ட்டிலும் ஒரே பக்க ஜிப் பாக்கெட்டில் போனை வைத்துப் பழகுவது நல்லது, தேட வேண்டியிருக்காது.

ஓடி வந்ததும் வெஸ்ட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்பு தங்கினால் ஜிப் இறுகிவிடும். சர்க்கரை போட்ட ஃபிளாஸ்க்கின் வால்வைப் பிரித்துக் கழுவி, காலி ஃபிளாஸ்க்கை ஃப்ரீசரில் போட்டு வைத்தால் பூஞ்சை வளராது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வெஸ்ட்டுக்கு முன்னால் ஃபிளாஸ்க்தான் போகும், அதுவும் பெரும்பாலும் கழுத்து ஒட்டில் விரிசல் விடும். எனவே அதே அளவு ஃபிளாஸ்க்கும் வால்வும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

12 கி.மீ.க்குள் ஓடுகிறவர்களுக்குக் கைப் பாட்டிலே போதும்.